தாயோடு விட்டுவைத்தது

அக்கா மகன் திபிலீசியில் மருத்துவம் படிக்கிறான். நம் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது ஜார்ஜியாவில்தான் படிக்கிறார்கள். போன புதிதில் அவன் குடியிருந்த வீட்டுக்காரப் பாட்டிக்கு ஒரு சந்தேகம். ராத்திரியானால் பையன் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு "மாமா, மாமா" என்கிறான். ஆனால் இவர்தான் என் அப்பா என்று அவன் போட்டோவில் காட்டிய ஆள் வேறு, போனில் தெரிகிற ஆள் வேறு. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாளாம், உனக்கு எத்தனை அப்பா என்று. ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா. அம்மாவுக்கு 'தேதா'. பாதி உலகத்தில் மகரத்தில் குடியிருக்கும் அம்மா அங்கே தகரத்துக்குப் போய்விட, அவள் காலிசெய்த இடத்தில் அப்பா வந்து உட்கார்ந்துவிட்டார்.

இந்தத் தேதாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனால் அந்த மொழிக்குள் வெகுதூரம் போகலாம். தாய்மொழி 'தேதா எனா'. அது நமக்கும் உண்டு. பூமி 'தேதா மித்சா', தாய்மண், அதுவும் உண்டு. தலைநகர் 'தேதா கலாக்கி', அதாவது தாய்நகரம். நாம் தலையை வைத்த இடத்தில் அவர்கள் தாயை வைத்திருக்கிறார்கள். பழைய வீடுகளில் கூரைப் பாரம் முழுவதையும் வாங்கிக்கொண்டு நடுவில் நிற்கும் செதுக்கு வேலைப்பாட்டுத் தூண் 'தேதா போத்சி', தாய்த்தூண். அரசி 'தேதோபாலி'. இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த பிரயோகம், அந்த நாட்டின் கிழக்குக் கோடியில் ககேத்தி மாகாணத்தில், பூமிக்கு அடியில் புதைத்த பானைக்குள் இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு மெழுகுவத்திக் கதை.

பொங்கலுக்கு வந்தபோது மருமகன் பெட்டியிலிருந்து இரண்டு 'சுர்ச்கேலா'க்களை எடுத்து வைத்தான். முழ நீளத்துக்குச் சற்றுக் குறைவு. பழுப்பும் ஊதாவும் கலந்த நிறம். முண்டும் முடிச்சுமாக, மேல்நுனியில் நூல் தொங்க, கோயில் வாசலில் விற்றால் நூறு பேர் மெழுகுவத்தி என்று வாங்கிப்போவார்கள். "என்னடா இது, உருகிப்போனதைப் பொறுக்கிட்டு வந்திருக்கே?" என்றாள் என் அம்மா. "திங்கிறது பாட்டி. நூலை மட்டும் உருவிடணும்" என்றான். குறுக்கே நறுக்கிக் காட்டினான். வெளியே கண்ணாடி போல் பளபளக்கும் பாகு வளையம், நடுவில் வால்நட் பருப்பின் வெட்டுமுகம். "மூளையை ஸ்லைஸ் போட்டா இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி, பாட்டி வாங்கிக்கொண்ட துண்டைத் திரும்பத் தட்டில் வைக்கவும் செய்தான்.

செய்முறை எளிது. கையில்தான் இருக்கிறது சூட்சுமம். வால்நட் பருப்புகளை ஊசிநூலில் பூத்தொடுப்பதுபோல் கோத்துக்கொள்ள வேண்டும். புளிக்காத திராட்சைச் சாற்றைக் காய்ச்சி, மாவு கரைத்துக் கிளறினால் 'தாத்தாரா' என்ற கூழ் வரும். சரத்தை அதில் முக்கி எடுத்துக் கொம்பில் தொங்கவிட்டால் ஒரு பூச்சு. கூழ் இளகியிருந்தால் பருப்பில் நிற்காது. இறுகிவிட்டால் கட்டிகட்டியாகப் பிடித்து அழகு கெடும். அகப்பையின் முதுகில் வழியாமல் நிற்கிற அந்த ஒரு பதத்தில் முக்க வேண்டும். பூச்சு காய்ந்தபின் இன்னொரு முறையும் முக்குவார்கள். பிறகு நாள்கணக்கில் காற்றில் தொங்கும். சர்க்கரை ஒரு துளிகூடச் சேர்ப்பதில்லை, எல்லா இனிப்பும் பழத்துடையது. படைவீரர்கள் மூட்டையில் கட்டிக்கொண்டு போன தீனி இது என்கிறார்கள். கெடாது, கசியாது, பசி தாங்கும், இடுப்பில் செருகிக்கொள்ளலாம், நம்பக்கூடிய கதைதான்.

ஒன்றைத் தின்றுதீர்த்தோம். இன்னொன்றை அம்மா ஒரு துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, "இருக்கட்டும்" என்றாள்.

இனி நிலத்தைப் பார்க்கலாம். ககேத்தி ஏறத்தாழ 11,300 சதுர கிலோமீட்டர். 2014 கணக்கெடுப்பில் மக்கள் 3 லட்சத்து 18 ஆயிரம் சொச்சம். வடக்கே பெரிய காக்கசஸ் மலை; அதன் முதுகுக்கு அந்தப் பக்கம் ரஷ்யாவின் செச்சினியாவும் தாகெஸ்தானும். கிழக்கும் தெற்கும் அசர்பைஜான். அலசானி, இயோரி என்று இரண்டு ஆறுகள் ஏறக்குறைய இணையாக, ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாத ஓரகத்திகள் மாதிரி தென்கிழக்காக ஓடுகின்றன. நடுவில் கொம்போரி மலைவரிசை. இரண்டும் கடைசியில் அசர்பைஜான் எல்லைக்குள் மிங்கச்செவிர் நீர்த்தேக்கத்தில்தான் போய்ச் சேர்கின்றன என்பது வேறு விஷயம்.

இந்த நிலத்தை அவர்கள் பங்கிட்டுப் பெயர் வைத்திருக்கும் விதம் தமிழ்க் காதுக்கு விருந்து. கொம்போரிக்கு உட்புறம், அலசானியின் வலக்கரை, 'ஷிதா ககேத்தி', உள் ககேத்தி. மலைக்கு வெளியே இயோரிப் பக்கம் 'கரே ககேத்தி', புறக் ககேத்தி. அலசானியைத் தாண்டிய இடக்கரைக்கு 'கக்மா ம்ஹாரி'. நேர்ப்பொருள், அந்தப் பக்கம். அகம், புறம், அக்கரை! தென்கிழக்கு மூலையான கிசிகி மட்டும் இந்தக் கணக்கில் சேராமல் தனிப் பெயரோடு நிற்கிறது. ஊர்ப் பெயர்களிலும் இந்த நயம் உண்டு. அங்கே தெதோப்லிஸ்த்ஸ்கரோ என்று ஓர் ஊர். வாயில் நுழைய மறுக்கும். பிரித்துப் பார்த்தால் 'அரசியின் ஊற்று'. சொல்லின் முதலிலேயே இரண்டு மூன்று மெய்களை அடுக்கும் அந்த மொழியைத் தொல்காப்பியர் கேட்டிருந்தால் அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டார்.

கிசிகியில், ஆற்றுச் சமவெளிக்கு மேலே ஒரு முகட்டில் சிக்நாகி நகரம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் அரசர் இரண்டாம் எரெக்லே, மலையின் மறுபக்கத்திலிருந்து வந்த கொள்ளைக் கூட்டங்களிலிருந்து சனங்களைக் காக்க 23 காவல் கோபுரங்களோடு மதில் எழுப்பிய ஊர். பெயரே தஞ்சம் என்று பொருள்படும் துருக்கிச் சொல்லிலிருந்து வந்தது. அங்கிருந்து எடுத்த படங்களை மருமகன் அனுப்பிக்கொண்டே இருப்பான். எனக்கு ஒன்று போதும். கீழே பாய் விரித்ததுபோல் அலசானிச் சமவெளி. அதற்கப்பால் மலை படிப்படியாக ஏறுவதில்லை. குன்று, மேடு என்று முன்னறிவிப்பே இல்லாமல் சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. காலை மூட்டத்தில் அந்தச் சுவரின் அடிப்பாகம் கரைந்துவிட, பனி மூடிய உச்சி வரிசை மட்டும் எதிலும் ஒட்டாமல் வானத்தில் தொங்குகிறது.

அந்த மலைச்சுவர் குளிர்காற்றை மறிக்கிறது, பனி உருகிய நீரைத் தருகிறது. சமவெளியின் மண்ணையும் அதன் ஓடைகள்தான் கொண்டுவந்து பரப்பின. ஆக, திராட்சை. ஜார்ஜியாவின் திராட்சைத் தோட்டங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்த ஒரு மாகாணத்தில் இருக்கின்றன. கொடிகளின் பெயர்களைப் பாருங்கள். கறுப்புத் திராட்சை 'சப்பெராவி': சாயம். மற்றக் கறுப்புத் திராட்சைகளில் நிறம் தோலோடு சரி, சதை வெளுத்திருக்கும். சப்பெராவியின் சதையே சிவப்பு. பறித்தவன் விரல் இரண்டு நாளைக்குக் காட்டிக்கொடுக்கும். வெள்ளைத் திராட்சை 'ர்கத்சிதேலி'. பழம் வெளிர்மஞ்சள், ஆனால் 'த்சிதேலி' என்றால் சிவப்பு. பழுக்கும் காலத்தில் அதன் தண்டு சிவக்கும். பழத்தைப் பார்க்காமல் காம்பைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறான் ஒருவன். கண்ணுக்கு நேரே குலை தொங்கும்போது அவன் பார்வை அதைத் தாங்கும் தண்டுக்குப் போயிருக்கிறது பாருங்கள், அவன் யாராக இருந்தாலும் ஒரு கும்பிடு.

செப்டம்பர் நடுவில் 'ர்த்வேலி' தொடங்கும். திராட்சை அறுவடை. தலைநகரில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் பேரன்களும் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். அறுத்த குலைகளை ஒற்றை மரத்தைக் குடைந்த நீண்ட தொட்டியில் கொட்டிக் காலால் மிதிப்பார்கள். அதற்குப் பிறகு நடப்பதுதான் ககேத்தியின் தனி வழி.

க்வெவ்ரி என்பது ஒரு மண்பானை. பானை என்று சொல்வது குறைச்சல். பெரியவற்றுக்குள் ஓர் ஆள் இறங்கி நின்று கழுவலாம். முட்டையின் கூர்நுனியைக் கீழே வைத்ததுபோல் வடிவம். பாதம் கிடையாது, தானாக நிற்கத் தெரியாது. மண்ணில் கழுத்துவரை புதைத்தால்தான் அதற்கு நிலை. தெலாவி நகரத்துக்குப் பக்கத்தில் வர்திசுபானி என்ற கிராமத்தில் இன்றும் செய்கிறார்கள். சக்கரத்தில் வனைவதில்லை. மண்ணைத் திரித்து, சுற்றிச் சுற்றி ஏற்றி, கையால் இழைத்து, அந்தச் சுற்று தன் எடையைத் தானே தாங்கும் அளவுக்கு இறுகும்வரை விட்டுவைத்து, பிறகு அடுத்த சுற்று. அவசரப்பட்டால் தொய்ந்துவிடும். அதனால் ஒரே சமயத்தில் பல பானைகளை வரிசையாக எழுப்புவார்கள்; குயவன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துகொண்டே இருப்பான். சூளையில் நாள்கணக்கில் வெந்தபின், சூடு ஆறுமுன் உள்ளே தேன்மெழுகு பூசுவார்கள். மண்ணின் கண்கள் முழுக்க அடைபடாமல், பாதி மூடிய இமைபோல் இருக்க வேண்டும் என்பது கணக்கு.

இதற்குள் சாறு மட்டும் போவதில்லை. ககேத்திக்காரர் தோல், விதை, காம்பு எல்லாவற்றையும் சேர்த்தே இறக்குகிறார். மேற்கே இமெரெத்திப் பக்கம் இதில் கொஞ்சந்தான் போடுவார்கள். பிரான்சில் வெள்ளை ஒயினுக்குத் தோலை உடனே பிரித்தெடுப்பதுதான் முறை. இங்கே அந்தத் தோலும் விதையும் காம்பும் சேர்ந்த சக்கைக்குப் பெயர் என்ன தெரியுமா? தேதா. தாய். 'தேதாசே' வைத்த ஒயின் என்றால் தாயின்மேல் விட்டுவைத்த ஒயின். நொதித்துப் பொங்கும் நாட்களில் தினம் பலமுறை கம்பால் சக்கையை அமிழ்த்திவிடுவார்கள். பொங்கல் அடங்கி, தாய் தானாகக் கீழே இறங்கியதும் மூடி வைத்து, களிமண்ணால் விளிம்பை அடைத்து, போய்விடுவார்கள். ஐந்தாறு மாதம் யாரும் தொடக்கூடாது.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கனமான விதைகள் முதலில் இறங்கிக் கூம்பின் நுனியில் ஒடுங்குகின்றன. விதையில்தான் கடுங்கசப்பு. அதன்மேல் வண்டல் படிந்து போர்வைபோல் மூடிக்கொள்கிறது. தோலும் காம்பும் மேலே. கசப்பைக் கடைக்கோடிக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, மற்றதோடு மட்டும் குழந்தை பழகுகிறது. இதற்கு ஒரு குழாய் இல்லை, வடிகட்டி இல்லை, மின்சாரம் இல்லை. பானையின் வடிவமே வேலை பார்க்கிறது. பாதமில்லாத அந்தக் கூர்நுனியை முதலில் படத்தில் பார்த்தபோது, பாவம், நிற்கக்கூடத் தெரியாமல் செய்திருக்கிறார்களே என்று நினைத்தேன். கூர்நுனிதான் சூட்சுமம் என்று பிறகுதான் தெரிந்தது.

வசந்தத்தில் திறந்தால் வெள்ளைத் திராட்சையின் ஒயின் பொன்னும் பழுப்பும் கலந்து, ஆறிய கட்டஞ்சாயாவின் நிறத்தில் வருகிறது. ருசியைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை, பழக்கமில்லை. "சும்மா வாசனை மட்டும் பார்த்தேன் மாமா, உலர்ந்த பாதாமிப்பழம், டீத்தூள், ஈர மண் மாதிரி இருந்துச்சு" என்று மருமகன் சொல்கிறான். வாசனை மட்டும் பார்த்தவனுக்கு இவ்வளவு தெரிந்திருப்பது ஆச்சரியம், நம்பிக்கொள்கிறேன். மிஞ்சிய சக்கையையும் எறிவதில்லை, காய்ச்சி வடித்து 'சாச்சா' என்ற சாராயமாக்குகிறார்கள். கவாத்து செய்த கொடிக்குச்சிகள் 'ம்த்ஸ்வாதி' என்ற இறைச்சிக்கு நெருப்பாகின்றன. அந்தப் புகை ஏறாத இறைச்சியை ககேத்திக்காரர் மதிப்பதில்லை. காலியான பானையைக் கழுவ, செர்ரி மரப் பட்டைகளை அடுக்கி நீளக் கம்பில் கட்டிய துடைப்பம். சோப்பு போட்டால் மெழுகும் மண்ணும் வாசனையைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரும் பொறுமையும்தான்.

க்வெவ்ரி முறையை யுனெஸ்கோ 2013இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு, ஜார்ஜியாவில் கிடைத்த பானை ஓடுகளில் திராட்சை ஒயினின் தடயங்களைக் கண்டு அவற்றின் வயதை கி.மு. 6000 அளவுக்குக் கொண்டுபோனது. அந்த ஓடுகள் கிடைத்த மேடுகள் ககேத்தியில் இல்லை, பக்கத்து மாகாணத்தில் இருக்கின்றன. இதை ககேத்தியில் சத்தமாகச் சொல்லாமல் இருப்பது நல்லது.

வியாபாரம் இவ்வளவு கவித்துவமாக இல்லை. ஏற்றுமதியாகும் ஒயினில் பெரும்பங்கு நவீன ஆலைகளில் எஃகுத் தொட்டிகளில் உருவாவது. க்வெவ்ரியில் பிறந்தது அதில் சிறு துளிதான். சோவியத் காலத்தில் எவ்வளவு என்பதே கேள்வி, எப்படி என்பது இல்லை. 1985இல் கோர்பச்சேவ் மதுவுக்கு எதிராக இறங்கியபோது கொடிகள் வேரோடு பிடுங்கப்பட்டன. 2006இல் ரஷ்யா, தரம் சரியில்லை என்று சொல்லி ஜார்ஜிய ஒயினுக்கே கதவைச் சாத்தியது. அரசியல் சரியில்லை என்பதுதான் நிஜம். விற்பதற்கு அந்த ஒரு சந்தையை நம்பியிருந்த குடும்பங்கள் தவித்துப்போயின. ஆனால் வேறு நாடுகளில் போய் நிற்கவேண்டி வந்தபோது, தாத்தா காலத்துப் பானைதான் தனித்துத் தெரிந்தது. 2013இல் கதவு திறந்தது. இன்று மறுபடி ரஷ்யாதான் மிகப் பெரிய வாடிக்கையாளர். பட்டவர்களே மறுபடி அங்கே போகிறார்களே என்று தூரத்தில் உட்கார்ந்து சொல்வது சுலபம். அறுவடைக்கு முன் ஆலங்கட்டி மழை பத்து நிமிடம் பெய்தால் வருட உழைப்பு போய்விடும் ஊர் அது. மேகத்தைக் கலைக்க ராக்கெட் விடுகிறார்கள், 2015இலிருந்து. திராட்சைக்கு வெளியே, ஷிராக்கிச் சமவெளியில் கோதுமையும் சூரியகாந்தியும் விளைகின்றன. சுத்திகரிக்காத சூரியகாந்தி எண்ணெய் ககேத்தியின் இன்னொரு கர்வம். தக்காளி, வெள்ளரி நறுக்கி அதை ஊற்றினால் எண்ணெய்தான் முதலில் மணக்கிறது, காய் பிறகுதான்.

மனிதர்களிலும் ஒரே நிறம் இல்லை. பெரும்பான்மை ஜார்ஜியர், சாகரெஜோ பக்கத்துக் கிராமங்களில் அசர்பைஜானியர், பாங்கிசிப் பள்ளத்தாக்கில் கிஸ்துகள், செச்சினிய வழிவந்த இஸ்லாமியர். அங்கே தூயிசி கிராமத்தின் பழைய மசூதியில் வெள்ளிக்கிழமை தோறும் பெண்கள் வட்டமாக நின்று, கைதட்டிப் பாடி, திக்ரு செய்கிறார்கள். மலைக்கு மேலே தூஷெத்தி. அங்கே ஏறும் பாதை 2,800 மீட்டருக்கு மேல் ஒரு கணவாயைத் தாண்டுகிறது. பனி அதை வருடத்தில் ஏழெட்டு மாதம் அடைத்துவிடும். அதனால் தூஷ் மக்களுக்குக் கோடைக்கு ஒரு வீடு மலையில், குளிருக்கு ஒரு வீடு சமவெளியில் அல்வானியில். ஆடுகளும் அப்படியே, இலையுதிர் காலத்தில் இறங்கி மாகாணத்தின் மறுகோடியில் இருக்கும் வறண்ட புல்வெளிவரை நடந்துபோய், வசந்தத்தில் திரும்பி ஏறும். அவர்களுடைய பாலாடைக்கட்டியின் பெயர் 'கூதா'. ஆட்டுத்தோல் பையின் பெயரும் அதுதான். மயிர்ப்பக்கம் உட்புறமாக இருக்கும்படி பையைப் புரட்டி, அதற்குள் பாலாடையை வைத்து முதிர விடுகிறார்கள். வாசனை எட்டு வீடு போகும். மேல் அல்வானியில் பாத்ஸ்பி என்று ஒரு மொழி மிச்சமிருக்கிறது, செச்சினியத்துக்கு உறவு. உலகத்தில் அது பேசப்படுவது அந்த ஓர் ஊரில்தான். பேசுபவர்களில் வயதானவர்களே அதிகம்.

கிசிகியின் மிர்சானி கிராமத்தில் 1862இல் பிறந்த ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நிக்கோ பிரோஸ்மானி. யாரிடமும் ஓவியம் படிக்கவில்லை. திபிலீசியின் மதுக்கடைகளுக்குப் பெயர்ப்பலகையும் சுவர்ப்படமும் வரைந்து, கூலியாகச் சாப்பாடும் குடியும் வாங்கிக்கொண்டு, 1918இல் வறுமையில் இறந்தார். பிறகு அந்த நாட்டின் ஒரு லாரி நோட்டில் அவர் முகம் அச்சாகியது. அவர் வரைந்தவற்றில் பல, மேசைமேல் விரிக்கும் கறுப்பு எண்ணெய்த்துணியில் வரையப்பட்டவை. இப்போது அந்த விருந்துப் படங்களை நெருங்கிப் பாருங்கள். மீசைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், கையில் கொம்புக் கிண்ணம், மேசையில் ஷோத்தி ரொட்டி, மீன், வெங்காயத்தாள். அவர்களுடைய கறுப்புக் கோட்டு, கறுப்புத் தலைமயிர், கண்மணி, இரவு எல்லாம் வரைந்தவை இல்லை, வரையாமல் விட்டவை. வெளிச்சம் படும் இடத்துக்கு மட்டும் வர்ணம் வைத்தார், மீதியைத் துணி பார்த்துக்கொண்டது. கறுப்பு வர்ணம் வாங்கக் காசில்லை என்று இதற்குக் காரணம் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. எந்த இடத்தில் கை வைக்கக்கூடாது என்று தெரிவதற்குக் காசில்லாமை மட்டும் போதாது.

பாட்டிலும் இப்படிச் சும்மா விட்டுவைக்கும் இடம் இருக்கிறது. ககேத்தியின் விருந்துப் பாட்டில் மூன்று குரல். 'ம்த்க்மேலி' என்றால் சொல்பவர், அவர்தான் பாட்டை எடுக்கிறார். 'மொத்சாஹிலி', கூப்பிடுபவர், மேலே ஏறி அவரோடு பின்னுகிறார். இருவரும் வளைவும் சுழிப்புமாகக் குரலை இழைக்க, மற்ற அத்தனை பேரும் 'பானி' பிடிக்கிறார்கள். அடித்தளக் குரல், ஒரே சுரத்தில் அசையாமல் நிற்கும். பழைய வீட்டின் தட்டைக் கூரைக்கும் 'பானி' என்றே பெயர். பாடத் தெரியாதவன் என்று மேசையில் ஒருவனும் இல்லை. பானியில் எல்லோருக்கும் இடம் உண்டு. 'சக்ருலோ' என்ற ககேத்திப் பாட்டை 1977இல் வாயேஜர் விண்கலத்தின் தங்கத் தட்டில் பதிந்து அனுப்பினார்கள். அதே தட்டில் நம் கேசர்பாய் கேர்க்கரும் பாடுகிறார். அதே வருடம் வந்த 'மிமினோ' படத்தில், வெளிநாட்டில் இருக்கும் விமானியான நாயகன் தன் ஊர் தெலாவிக்கு போன் கேட்பான். இணைப்பு டெல் அவீவுக்குப் போய்விடும். அங்கே எடுத்தவர் ஜார்ஜியாவிலிருந்து குடிபோன ஒருவர். வைக்க மனசு வராமல், இருவரும் போனிலேயே ஊர்ப்பாட்டைச் சேர்ந்து பாடுவார்கள். ஜார்ஜியப் பாட்டு அந்த வருடம் இரண்டு தப்பான முகவரிகளுக்குப் போயிற்று என்று நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது தப்பான முகவரி கோவா. அங்கே போனது பாட்டு இல்லை. 17ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தின் ஷா அப்பாஸ் ககேத்தியைச் சூறையாடி, பல்லாயிரம் பேரைப் பிடித்துப்போய்த் தன் நாட்டில் குடியேற்றினார். இஸ்பஹானுக்கு மேற்கே ஃபெரெய்தான் பகுதியில் அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் ஜார்ஜிய மொழி பேசுகிறார்கள். அந்தச் சமயத்தில் அரசர் தெய்முராஸ், நாட்டைக் காப்பாற்றலாம் என்று தன் தாய் கேத்தவானை ஷாவிடம் தூது அனுப்பினார். ஷா அவரைப் பிணையாக வைத்துக்கொண்டார். பத்தாண்டு கழித்து, மதம் மாற மறுத்ததற்காக 1624இல் ஷிராஸ் நகரில் சித்திரவதை செய்து கொன்றார்கள். அங்கிருந்த போர்ச்சுகீசிய அகஸ்டின் சபைத் துறவிகள் எலும்புகளை ரகசியமாக எடுத்து, ஒரு பகுதியைப் பழைய கோவாவில் தங்கள் மடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பகுதியை மகனிடம் சேர்த்தார்கள், அவர் அதை அலவெர்திப் பேராலயத்தில் வைத்தார். தெய்முராஸ் அரசர் மட்டுமில்லை, கவிஞர். தாயின் மரணத்தை அவரே காவியமாக எழுதினார். தாயை அனுப்பியவனும் தான், எழுதியவனும் தான் என்ற நிலையில் ஒருவன் எழுதுகோலை எப்படிப் பிடித்திருப்பான் என்று நினைத்தால் எனக்குக் கை ஓடுவதில்லை.

கோவாவில் மடம் இடிந்தது, கோபுரம் சரிந்தது, எலும்பு மண்ணோடு இருந்தது. இந்தியத் தொல்லியல் துறை தோண்டி எடுத்ததை ஹைதராபாத்தின் உயிரணு ஆய்வு மையத்தில் மரபணுச் சோதனை செய்தார்கள். அந்த மரபணு வகை இந்தியர்களிடம் காணக்கிடைக்காதது, ஜார்ஜியரிடம் இருப்பது என்று தெரிந்தது. சோதித்தது இழைமணி மரபணுவை. தாய்வழியாக மட்டுமே இறங்கி வருவது அது. 2021 ஜூலையில் இந்திய வெளியுறவு அமைச்சர் திபிலீசிக்கே போய் அதை ஒப்படைத்தார். கிட்டத்தட்ட 400 வருடம் நம் மண்ணில் இருந்திருக்கிறாள் அந்தத் தேதோபாலி.

பங்குனி கடைசியில், க்வெவ்ரிகளைத் திறக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று மருமகன் ஒரு படம் அனுப்பினான். களிமண்ணை உடைத்து மூடியை நகர்த்தி, நீளக் காம்பு வைத்த அகப்பையைத் தரைக்குள் விட்டுக்கொண்டிருக்கிறார் ஒரு கிழவர். முகம் தெரியவில்லை, முதுகுதான். அதைப் பார்த்ததும்தான் அரிசிப் பானை ஞாபகம் வந்தது. அம்மா கையை விட்டுத் துழாவித் துணி முடிச்சை எடுத்தாள். பிரித்தால், உள்ளே சுர்ச்கேலா முழுக்க வெள்ளை படர்ந்திருந்தது. "பூசணம் பூத்துடுச்சுடா" என்று சாக்கடைப் பக்கம் போனாள். போனில் மருமகன் கத்தினான்: "பாட்டி, தூக்கிப்போட்டுடாதே! அது பூசணம் இல்லை, திராட்சைச் சர்க்கரை. விட்டுவச்சாத்தான் அப்படிப் பூக்கும்." அம்மா நம்பவில்லை. முந்தானையால் ஓரத்தில் லேசாகத் துடைத்து, நகத்தால் ஒரு பொடி கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு துடைத்த இடத்தை மட்டும் கத்தியால் நறுக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, பூத்திருந்ததைத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.